சூடான லாரி திரும்ப ஸ்டார்ட் ஆகாவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும் லாரி, மதியம் நிறுத்திவிட்டு வந்தால் அடம்பிடிக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பழைய வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைப் பற்றித்தான். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் மெக்கானிக்கல் டீசல் பம்பு வைத்த, 24 வோல்ட் பழைய வண்டிகளுக்கு. காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் பொதுவாக ஒரு ரெயில் குழாய் வைத்த) வண்டிக்காரர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

காலையில நல்லா எடுக்குது, சூடானா எடுக்க மாட்டேங்குது. முதல்ல எதைப் பார்க்கணும்?

பார்ப்பதற்கு முன் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் காலையில் சுற்றுகிற அதே வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் கோளாறு கரண்ட் பக்கம்: பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் பக்கம். சுற்றவே இல்லை, 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் சோலனாய்டு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்தச் சுவிட்ச். இதைப் பிரிக்காமல் எந்தச் சாமானையும் வாங்காதீர்கள். பேட்டரி வாங்கி, செல்ஃப் மாற்றி, கடைசியில் பம்பில் போய் நின்றவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, இந்தக் கோளாறு சூட்டில் மட்டும் இருக்கிறது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடும். அவர் சாவியைத் திருப்புவார், ஒரே சுற்றில் எடுக்கும். பிறகு அவர் செய்வதெல்லாம் ஊகம்தான். அதனால் கீழே சொல்லும் சோதனைகளை வண்டி அடம்பிடிக்கும் அந்த நேரத்தில், அந்த இடத்திலேயே டிரைவர் செய்ய வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டரும், டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸ் (உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய்) ஒரு மீட்டரும் டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.

சூடான இன்ஜின் இன்னும் சுலபமா எடுக்கணும்தானே? இது ஏன் தலைகீழா இருக்கு?

நியாயமான கேள்வி. ஆயில் இளகி இன்ஜின் லேசாகச் சுற்றும், சிலிண்டர் சுவர் சூடாக இருப்பதால் டீசல் சட்டென்று பற்றும். நல்ல நிலையில் இருக்கும் சூடான டீசல் இன்ஜின் ஒன்றிரண்டு சுற்றுக்குள் பிடித்துவிட வேண்டும். பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் தேய்ந்த இன்ஜின் காலைக் குளிரில்தான் தொல்லை தரும், சூட்டில் அல்ல. அதனால் 'இன்ஜின் வேலை வந்துடுச்சு' என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள்.

சூட்டில் கெடுவது வேறு சாமான்கள். தாமிரக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் (மின் தடை) ஏறுகிறது. டீசல் நீர்த்துப்போகிறது. ரப்பர் ஹோஸ் தளர்கிறது. காய்ல் சுற்றிய கம்பியில் கண்ணுக்குத் தெரியாத முறிவு இருந்தால் விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது. இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் தேடப்போகிறோம்.

நிறுத்தின உடனே போட்டா எடுக்குது. டீ குடிச்சிட்டு வந்தா எடுக்கறதில்லை. ரெண்டு மணி நேரம் விட்டா மறுபடி எடுக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்குங்க.

இன்ஜினை அணைத்ததும் ஃபேனும் வாட்டர் பம்பும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்புக்குள் இருக்கும் சூடு எங்கும் போகவில்லை. அது மெல்ல வெளியே வந்து பக்கத்தில் இருக்கும் டீசல் பம்பு, பைப், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சூடாக்குகிறது. அணைத்த பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரைக்கும்தான் இது உச்சம். சரியாக டீ குடிக்கும் நேரம். பிறகு எல்லாம் சேர்ந்து ஆறுகிறது.

நிறுத்தி எத்தனை நிமிடத்தில் எடுக்கவில்லை என்று டிரைவரை ஒரு தாளில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். உடனே எடுத்து, இடைவெளி விட்டால் மட்டும் எடுக்காவிட்டால் நிறுத்தியபின் ஏறும் சூடுதான் காரணம். உடனே போட்டாலும் எடுக்காவிட்டால் கோளாறு முற்றிவிட்டது, அல்லது வண்டி ஓடும்போதே அளவுக்கு மேல் சூடாகிறது.

செல்ஃப் போட்டா இழுத்து இழுத்துச் சுத்துது. பேட்டரி ரெண்டும் புதுசு. அப்புறம் என்ன?

கேபிள். பழைய லாரிகளில் பத்துக்கு ஆறேழு பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான், யாருக்கும் பிடிக்காத பதிலும் இதுதான். ஏனென்றால் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, தேய்த்துத் துடைக்கும் வேலை மட்டும்தான். செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும். 300 ஆம்பியர் போகும் வழியில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 3 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். எர்த் கேபிள் சேசிஸில் பிடித்திருக்கும் இடத்துத் துரு, பெயின்ட், கட் ஆஃப் சுவிட்சுக்குள் கருகிய முனை, லக்குக்குள் (கேபிள் முனையில் இருக்கும் வளையம்) பச்சை பூத்த கம்பி என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்னும்.

மீட்டரை வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கட்டையிலேயே), இன்னொரு முனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் சரி. ஒரு வோல்ட் தாண்டினால் அந்த வழியில் அடைப்பு. அதேபோல் பாசிட்டிவ் கட்டையிலிருந்து செல்ஃபின் பெரிய போல்ட் வரைக்கும். இன்ஜின் பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் பட்டையை மறக்காதீர்கள். கியர்பாக்ஸ் வேலைக்குக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்டாமல் விடுவது உண்டு.

இவை சரியாக இருந்து, செல்ஃப் போடும்போது இரண்டு பேட்டரியும் சேர்த்து 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியையே சந்தேகப்படலாம், அல்லது செல்ஃப் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. வண்டி ஓடும்போது சார்ஜ் 27.5 முதல் 28.5 வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் நாள் முழுக்க ஓடியும் பேட்டரி நிறையாது.

ரெண்டு பேட்டரியில ஒண்ணு மட்டும் சீக்கிரம் போயிடுது. ஏனுங்க?

பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், குட்டி ஃபேன் என்று ஏதாவது 12 வோல்ட் சாமானுக்கு ஒரே பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்திருப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் குறைந்தே கிடக்கும். மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் கடையில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். சோதிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரவு முழுக்கச் சும்மா நின்ற பேட்டரி ஒவ்வொன்றும் 12.6 பக்கம் காட்டினால் நிறைவு. ஒன்று 12.6, இன்னொன்று 12.2 என்றால் மொத்தம் நன்றாகத் தெரிந்தாலும் ஜோடி சரியில்லை.

செல்ஃப் மோட்டாரைக் கழட்டி டேபிள்ல வச்சு ஓட்டினா ஜம்முனு சுத்துதுன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். அப்ப அது நல்லாத்தானே இருக்கு?

ஆறிப்போன மோட்டாரைச் சுமை இல்லாமல் சுற்றிக் காட்டுவது சோதனையே அல்ல. தாமிரத்தின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 30 டிகிரியில் இருந்த காய்ல் 90-க்குப் போனால் தடை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடிவிடும். நல்ல மோட்டாருக்கு இது ஒரு பொருட்டல்ல. கார்பன் (மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்து, கேபிளும் பாதி தின்னும் வண்டியில் இதுவே போதும்.

மோட்டாரைப் பிரிக்கச் சொல்லி, தண்டைத் தாங்கும் புஷ்ஷைப் பாருங்கள். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி) சாய்ந்து, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் இரும்பில் ('போல் ஷூ') உரசும். உரசிய இடம் வெள்ளையாகப் பளபளக்கும். சூட்டில் விரிந்தால் உரசல் கூடும். இந்த அடையாளம் தெரிந்தால் புஷ், கார்பன் இரண்டையும் மாற்றிவிட்டால் போதும், புது மோட்டார் தேவையில்லை. உரசி உரசி ஆர்மேச்சரின் கம்பியே அறுந்திருந்தால் மட்டும் வேறு மோட்டார்.

'டக்'னு ஒரு சத்தம்தான் வருது. ஸ்பேனரால ஒரு தட்டு தட்டினா எடுத்துடும். இப்படியே ஓட்டலாமா?

தட்டினால் எடுப்பதே நோயைச் சொல்லிவிடுகிறது: சோலனாய்டுக்குள் இருக்கும் தாமிரத் தகடு கருகியிருக்கிறது, அல்லது கார்பன் மாட்டிக்கொள்கிறது. ஒரு நாள் தட்டினாலும் எடுக்காது, அது எந்த ஊரில் என்று உங்களால் சொல்ல முடியாது. ஒரே 'டக்' இல்லாமல் 'டக்டக்டக்' என்று தொடர்ந்து அடித்தால் அது சோலனாய்டு அல்ல, வோல்ட் பற்றவில்லை. கேபிள் பற்றிய பதிலுக்குப் போங்கள்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து சோலனாய்டின் இரண்டு போல்ட்டைச் சேர்த்து எடுப்பது பல கிளீனர்களுக்குக் கைவந்த கலை. கியரில் இருந்தால் வண்டி அவர் மேலேயே ஏறும். நியூட்ரல், பார்க்கிங் பிரேக், டயருக்குக் கட்டை, இவை மூன்றும் இல்லாமல் யாரையும் வண்டிக்கு அடியில் அனுப்பாதீர்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் இதே விதிதான்.

செல்ஃப் பிரமாதமா சுத்துது, ஆனா பிடிக்கலை. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. கறுப்பாகக் கக்கிக்கொண்டு தடுமாறிப் பிடித்தால் டீசல் அதிகமாகப் போகிறது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

புகை இல்லாவிட்டால் முதல் சந்தேகம் மிகச் சாதாரணமானது. இன்ஜின் ஸ்டாப் கேபிளை இழுத்து அணைக்கும் வண்டியில், கேபிள் துருப்பிடித்து முழுசாகத் திரும்பாமல் நிற்கும். பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள், அசைந்து இன்னும் போனால் அதுதான். ரோட்டரி பம்பு வைத்த வண்டிகளில் கேபிளுக்குப் பதில் பம்பின் மேல் டீசலைத் திறந்து மூடும் ஒரு ஸ்டாப் சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்தால் 'கிளிக்' என்று சன்னமாகச் சத்தம் வர வேண்டும். ஆறியிருக்கும்போது வந்து சூட்டில் வராவிட்டால், அதன் ஒயரில் வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வோல்ட் வந்தும் கிளிக் இல்லை என்றால் சோலனாய்டை மாற்ற வேண்டும். பம்பைக் கழற்ற வேண்டியதில்லை, பத்து நிமிட வேலை.

டீசல்ல வேப்பர் லாக் ஆயிடுச்சுன்னு டிரைவர் சொல்றார். டீசலுக்கு அப்படி ஆகுமா?

எரிபொருள் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைப்பதுதான் வேப்பர் லாக். அந்த வார்த்தை பெட்ரோல் காலத்திலிருந்து வந்தது. பெட்ரோல் 40 டிகிரி பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும், அதனால் கார்புரேட்டர் வண்டிகளில் அது நிஜமான தொல்லை. டீசல் கொதிக்கத் தொடங்கவே 150 டிகிரி தாண்ட வேண்டும். உங்கள் டீசல் பைப் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. கை பம்பு அடித்தால் நுரையாக வருவதைப் பார்த்துவிட்டு டிரைவர் அப்படிச் சொல்லியிருப்பார். அது ஆவி அல்ல, வெளியிலிருந்து புகுந்த காற்று.

சரி, ஏர் எடுக்குது. எங்கிருந்து எடுக்குதுன்னே தெரியலையே. வெளியில டீசல் கசியவும் இல்லை.

கசியாது. டேங்கிலிருந்து ஃபீடு பம்பு வரைக்கும் டீசலை உறிஞ்சித்தான் எடுக்கிறோம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. வெடித்த ஹோஸ், டீசல் பைப்பை இணைக்கும் பான்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷர், கை பம்பின் அடி சீல், ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர், டேங்குக்குள் இறங்கும் குழாயில் துருத்துளை. இந்த வரிசையில் பாருங்கள். கழற்றிய வாஷரையே திரும்பப் போடும் பழக்கம் பாதிக் கோளாறுக்குக் காரணம்.

பந்தயம் கட்டிச் சொல்லக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான கேனில் ஐந்து லிட்டர் டீசல் எடுத்து, ஃபீடு பம்பைவிட உயரமாகக் கட்டி, ஒரு ஹோஸை நேராக ஃபீடு பம்பின் வாயில் மாட்டுங்கள். டேங்க் பைப்பை அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுங்கள். வண்டியைச் சூடாக்கி, அரை மணி நிறுத்தி, எடுத்துப் பாருங்கள். ஒரே செல்ஃபில் எடுத்தால் குற்றவாளி டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவில்தான். கேன் மாட்டியும் எடுக்காவிட்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடலாம். கண்ணாடி ஹோஸை ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் போட்டுக் குமிழி வருகிறதா என்றும் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏர் எடுக்கும் வண்டி ராத்திரி முழுக்க நின்றால் காலையில் இன்னும் மோசமாக இருக்க வேண்டும். காலையில் உங்கள் வண்டி தொட்டதும் எடுக்கிறது என்றால், ஏர் மேல் வைத்த சந்தேகத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

பம்பு மேல தண்ணி ஊத்தினா உடனே எடுக்குதுங்க. தினமும் ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள், ஆனால் அது சொல்வதைக் கேளுங்கள். முதலில் உங்கள் பம்பு எது என்று பாருங்கள். நாசிலுக்குப் போகும் பைப்புகள் பம்பின் மேல் ஒரே நேர்வரிசையில் இருந்தால் இன்லைன் பம்பு. பம்பின் ஒரு முனையில் வட்டமாகச் சுற்றி நின்றால் ரோட்டரி. சூட்டில் எடுக்காத நோய் அதிகம் வருவது ரோட்டரிக்குத்தான். அதில் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே ஹெட் (அசையாத உறை), ஒரே ரோட்டார் (அதற்குள் சுழலும் தண்டு). இரண்டுக்கும் நடுவே ஒரு சில மைக்ரான்தான் இடைவெளி. அதை அடைக்க வாஷர், சீல் எதுவும் கிடையாது. இடைவெளியின் சிறுமையும் டீசலின் கெட்டித்தன்மையும்தான் அழுத்தத்தைக் கட்டிப்பிடிக்கின்றன.

40 டிகிரியில் இருக்கும் டீசல் 80 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய பாதியாக நீர்த்துவிடும். ரோட்டார் தேய்ந்த பம்பில், நீர்த்த டீசல் இடுக்கு வழியாக நழுவி, நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறாமல் போகிறது. தண்ணீர் ஊற்றினால் டீசல் கெட்டிப்படுகிறது, நழுவுவது குறைகிறது, எடுக்கிறது. ஆகவே தண்ணீருக்கு எடுப்பது ரோட்டார் தேய்ந்ததற்குப் பலமான சாட்சி.

ஆனால் சூடான பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வெளி உடம்பு சட்டென்று சுருங்கி ரோட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் செல்ஃப் போட்டால் பம்பு இறுகிச் சீஸ் ஆகலாம், டிரைவ் உடையலாம். சோதித்தே ஆக வேண்டும் என்றால் ஈரத்துணியைப் பிழிந்து பம்பு மேல் போட்டு, கால் மணி நேரம் பொறுத்து, அப்புறம் செல்ஃப் போடுங்கள். ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும்.

ரோட்டுல லோடோட நல்லா இழுக்குது, மைலேஜும் குறையலை. பம்பு போச்சுன்னா எப்படி நம்பறது?

வேகத்தைக் கணக்கில் எடுங்கள். செல்ஃபில் இன்ஜின் நிமிடத்துக்கு 150, 200 சுற்றுதான் சுற்றும். பம்பு அதில் பாதி, 75 முதல் 100. ஒவ்வொரு தள்ளலுக்கும் டீசல் நழுவ நிறைய நேரம் கிடைக்கிறது. ரோட்டில் 1,500 சுற்றில் போகும்போது நழுவ நேரமே இல்லை, அதனால் தேய்மானம் தெரியாது. மேட்டில் நிறுத்தித் தள்ளி எடுத்தால் பிடித்துக்கொள்வதும் இதனால்தான். இன்லைன் பம்பிலும் எலிமென்ட் (டீசலைத் தள்ளும் உள் பாகம்) தேய்ந்தால் இதே கதை வரும், ஆனால் அங்கே பெரும்பாலும் இழுவையும் சேர்ந்தே குறைந்திருக்கும்.

புது டீசல் வந்த பிறகுதான் இந்தத் தொல்லை. டீசல்ல கொஞ்சம் ஆயில் கலந்து ஊத்தலாமா?

2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 (மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல். அதில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) மட்டும். அதற்கு முந்தைய பிஎஸ் 4-இல் 50. கந்தகத்தை எடுக்கும் முறையில் டீசலின் வழுவழுப்பும் சேர்ந்து போகும் என்பது உண்மை. ஆனால் அதைச் சரிக்கட்டும் மருந்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்க்கிறார்கள். இந்தியத் தர அளவில் வழுவழுப்புக்கும் எல்லை உண்டு. பழைய பம்புகளில் ரப்பர் சீல் சுருங்கிக் கசிவதற்கு டீசலின் சேர்மானம் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். தேய்ந்த ரோட்டாருக்கு அதன்மேல் பழி போட முடியாது, அது வருஷக்கணக்கான தண்ணீரும் தூசியும் செய்த வேலை.

ஆயில் கலந்தால் டீசல் கொஞ்சம் கெட்டியாகும், சூட்டில் ஒன்றிரண்டு நாள் எடுக்கவும் செய்யும். நோயை மறைத்துவைத்தது மட்டும்தான் லாபம். நாசிலில் கரி சேரும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இதற்கு நேர் எதிர்: டீசலைவிட நீர்த்தது என்பதால் சூட்டில் எடுக்காத வண்டி இன்னும் மோசமாகும், பம்பும் சீக்கிரம் போகும். வழக்கமான பெட்ரோல் பங்கை விட்டு வேறு எங்கோ மலிவாகப் போட்ட பிறகு தொல்லை ஆரம்பித்தது என்றால், வேறெதையும் தொடாமல் டேங்கைக் காலி செய்து ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

அவசரத்துக்கு ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா? சரிவுல விட்டு எடுக்கலாமா?

ஸ்ப்ரே வேண்டாம். அது ஈத்தர், சூடான சிலிண்டரில் பிஸ்டன் மேலே வருமுன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் பிளக்கும். ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணி வைப்பது அதைவிட மோசம்.

சரிவில் விடுவதற்கு முன் ஏர் பிரேக்கை நினையுங்கள். இன்ஜின் ஓடினால்தான் கம்ப்ரஸர் ஓடும். டேங்கில் இருக்கும் காற்று சில மிதியில் தீரலாம். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கல்லாகக் கனக்கும். தொப்பூர் மாதிரி இறக்கத்தில் இதைச் செய்வது தற்கொலை. வேறு வண்டியால் மெதுவாக இழுத்து எடுப்பது மேல், அதுவும் சமதரையில், காற்று முள் சரியான அளவில் நிற்கும்போது. அணைக்காமலே ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பம்பு வேலைக்கு ஆகும் பணத்தைச் சைலன்சர் வழியாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்ஜின் ஹெட்டு இறக்கி வேலை பார்த்த பிறகுதான் இது ஆரம்பிச்சது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். சூட்டில் எடுக்காததற்கு இன்ஜினே காரணமாக இருக்கும் அபூர்வ இடம் இது. டேப்பெட் கேப்பை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) இறுக்கமாக வைத்துவிட்டால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுசாக மூடாமல் நிற்கும், கம்ப்ரஷன் கசியும். ஆறினால் மூடிக்கொள்ளும். உங்கள் இன்ஜினுக்குக் கம்பெனி சொன்ன கேப்பை, அவர்கள் சொன்னபடி ஆறியோ சூடாகவோ, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு அளவு. டேப்பெட் சரியாக இருந்தால் ஹெட் கேஸ்கட்டையும், பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங்கையும் பார்க்க வேண்டும்.

டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்குப் போச்சு, பயந்து அணைச்சேன். இப்ப இன்ஜின் சுத்தவே மாட்டேங்குது.

செல்ஃப் போடாதீர்கள். இது மேலே சொன்ன எதுவும் அல்ல. பிஸ்டன் விரிந்து லைனரைப் பிடித்திருக்கலாம், அல்லது கேஸ்கட் போய்த் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். ரேடியேட்டர் மூடியையும் தொடாதீர்கள். முழுக்க ஆறிய பிறகு, நாசில்களைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க ஒரு மெக்கானிக் வரட்டும்.

செல்ஃப், பேட்டரி, பம்பு எலிமென்ட் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் அதே கதை. வண்டியை வித்துடலாமா?

இரண்டு அரைகுறைக் கோளாறுகள் சேர்ந்தால் இப்படி ஆகும். கேபிளில் கொஞ்சம் வோல்ட் போய் இன்ஜின் 180-க்குப் பதில் 120 சுற்றுகிறது; பம்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. 180-இல் பிடிக்கும் அதே பம்பு 120-இல் பிடிக்காது. காதுக்கு 'நன்றாகத்தான் சுற்றுகிறது' என்றே படும். அதனால் முதல் கேள்வியில் சொன்ன பிரிவைக் காதால் மட்டும் முடிவு செய்யாமல், சூட்டில் ஒருமுறை வோல்ட் அளந்து பாருங்கள். அல்லது ஓடும் இன்னொரு லாரியின் பேட்டரிகளிலிருந்து தடித்த ஜம்பர் கேபிள் போட்டு, நெகட்டிவை நேராக உங்கள் இன்ஜின் பிளாக்கில் பிடியுங்கள். அந்த வண்டியும் 24 வோல்ட்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடனே எடுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

பம்பு வேலை செய்தது சரியாக நடந்ததா என்பது அடுத்த சந்தேகம். பம்பு ரூமில் (டீசல் பம்பு பழுதுபார்க்கும் இடம்) டெஸ்ட் ஆயிலை 40 டிகிரியில் வைத்துத்தான் ஓட்டுவார்கள், அந்தச் சூட்டில் தேய்ந்த ரோட்டாரும் ஓரளவு தேறிவிடும். அதனால் அதிவேக அளவை மட்டும் பார்க்காமல், 100 சுற்றில், அதாவது செல்ஃப் வேகத்தில், ஒவ்வொரு லைனுக்கும் எவ்வளவு டீசல் விழுகிறது என்று அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ரோட்டரி என்றால் ஹெட்டையும் ரோட்டாரையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். 'சீல் கிட் போட்டுட்டேன், போதும்' என்றால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

என்னுது காமன் ரெயில் வண்டி. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

மாடல் வருஷத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2017-இல் பிஎஸ் 4 வந்த பிறகும் இன்லைன் பம்போடு வந்த லேலண்ட் வண்டிகள் உண்டு. இன்ஜினைத் திறந்து பாருங்கள். எல்லா நாசிலுக்கும் பொதுவாக ஒரு தடித்த ரெயில் குழாய் இருந்தால் காமன் ரெயில். கரண்ட் பக்கம் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும், ஏர் சோதனையும் பொருந்தும். பம்பு பக்கம் மாறும்.

செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழும்புகிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் முள் செத்துக் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சூட்டில் மட்டும் செத்து, ஆறியதும் பிழைப்பது அதன் குணம். முள் எழும்பியும் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை. நாசில்களின் ரிட்டர்ன் பைப்புகளைத் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, எது அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். ரிட்டர்ன் பைப்பைத் தொடலாம். அழுத்தமுள்ள பைப்பின் நட்டைச் செல்ஃப் சுற்றும்போது பழைய வண்டியில் செய்வதுபோல் தளர்த்தவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் ஊசிக்குத்து மாதிரித்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.